மூக்கு பிளந்த சைக்கிள் சீட்டு: வாங்குமுன் பார்ப்பதும் பூட்டும்போது அளப்பதும்

குமரி மாவட்டம் தக்கலையில் 30 ஆண்டுகளாகக் கால்சட்டை தைக்கிறேன். கவட்டு அளவு எடுக்க நாடாவைக் கொண்டுபோனால் பாதிப் பேர் நெளிவார்கள், மீதிப் பேர் மேற்கூரையைப் பார்ப்பார்கள். அந்த இடத்தைப் பற்றி நம்மூரில் யாரும் வாய் திறப்பதில்லை. சைக்கிள் ஓட்டும்போது அங்கே மரத்துப்போவதை ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு, கடைசியில் சைக்கிளையே விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் விற்க இருந்தவன்தான்.

வீடு திங்கள்நகர்ப் பக்கம். கடைக்குச் சைக்கிளில்தான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு; விடியுமுன்னே கிளம்பிப் பேச்சிப்பாறை அணை வரை ஒரு மிதி. குலசேகரம் வருவதற்குள் தொடைகளுக்கு நடுவே ஊசி குத்தத் தொடங்கும். அணைப் பக்கம் போய் இறங்கும்போது அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்காரவும் மனம் வராது. நின்றுகொண்டே டீ குடித்து முடித்த பிறகுதான் மெல்ல உணர்வு திரும்பும்.

துபாயில் வேலை பார்க்கும் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது, முன்மூக்கு இரண்டாகப் பிளந்த ஒரு சீட்டைக் கொண்டுவந்தான். பழையதைக் கழற்றிவிட்டு, பழைய மூக்கு இருந்த இடத்திலேயே புதிய மூக்கும் வருமாறு நாடா வைத்து அளந்து பூட்டினேன். அளவு விஷயத்தில் எனக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டுமா என்ற நினைப்பு. மறுநாள் மாலை பழைய மரப்போடு இரண்டு தொடையும் உரசிப் புண்ணாகி வீடு வந்து சேர்ந்தேன்.

"இது எனக்குச் சரிப்படாது மக்களே, நீயே திருப்பிக் கொண்டுபோ" என்றேன்.

"மூக்கை எங்கே வைத்தீர்கள் மாமா?" என்று கேட்டான்.

பழைய இடத்தில்தான் என்றேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

எங்கே அழுத்துகிறது

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரம் பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்கும். ஹேண்டில்பாரை நோக்கிக் குனியும்போது இடுப்பும் முன்னால் சாயும். பாரம் அந்த முனைகளை விட்டு நகர்ந்து, அங்கிருந்து முன்னோக்கிக் கவடு வரை போகும் எலும்புக் கிளைகளின்மேல் வரும். அந்தக் கிளைகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சதை. பிறப்புறுப்புக்கு இரத்தமும் உணர்வும் கொண்டுபோகும் குழாய்களும் நரம்புகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. சாதாரணச் சீட்டின் மூக்கு சரியாக அங்கே கீழிருந்து முட்டுகிறது.

அமெரிக்காவில் பணியிட உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனம் ஒன்று, சைக்கிளில் ரோந்து போகும் 90 ஆண் போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட்டுகளைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டவைத்தது. 2008இல் முடிவு வெளியானது. அந்த இடத்தில் விழும் அழுத்தம் 66 சதவீதம் குறைந்தது. மரப்பே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம். ஆறு மாதத்துக்குப் பின் 82. இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு வியப்பு வந்தது எண்ணைப் பார்த்து அல்ல, வெட்கப்படாமல் பதில் சொல்ல 90 போலீஸ்காரர்கள் கிடைத்தார்களே என்றுதான்.

எந்த வகை யாருக்கு

முதலில், யார் வாங்கவேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறவருக்கு இது தேவையே இல்லை. பழைய கறுப்புச் சைக்கிளின் அகலமான ஸ்பிரிங் சீட்டு அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. குனிந்து ஓட்டுகிறவர்களுக்கும், அரை மணி நேரத்துக்குமேல் இறங்காமல் மிதிக்கிறவர்களுக்கும்தான் பிளந்த மூக்கு.

கடையில் நடுவே குழி விட்ட சீட்டைக் காட்டி "இதுவும் அதுதான்" என்பார்கள். அதுவும் இதுவும் வேறு. ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் பவர் போன்ற குட்டைச் சீட்டுகளில் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். ஆனால் மூக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நீளம் 24 சென்டிமீட்டர். வழக்கமான சீட்டு 27 அல்லது 28 இருக்கும். மரப்பு லேசாக இருப்பவர்களுக்கு இதுவே போதும், பூட்டுவதும் எளிது. இத்தாலியின் செல்லே எஸ்.எம்.பி. சீட்டுகளில் முன்னிருந்து பின்வரை வாய்க்கால் போல் வெட்டு ஓடும். மூக்கு கிளியின் அலகுபோல் கீழே வளைந்திருக்கும். மருமகனின் நண்பன் ஒருவன் அதைத்தான் வைத்திருக்கிறான். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், சுகமாகவே இருந்தது. ஆனால் மேற்பரப்பு தொட்டில்போல் குழிந்திருப்பதால் சாய்வு ஒரு டிகிரி மாறினாலும் உட்காரும் இடமே மாறிப்போகிறது. பொறுமைசாலிகளுக்கான சீட்டு.

நான் இப்போது ஓட்டுவது ஐ.எஸ்.எம். கம்பெனியின் வகை. இரண்டு மெத்தைக் கைகள் பக்கத்தில் பக்கத்தில் முன்னோக்கி நீண்டிருக்கும், முனைகள் சேராது. உடம்பின் எலும்புக் கிளைகள் இரண்டும் இந்தக் கைகள் இரண்டின்மேல் உட்காரும், நடுவில் வெறும் காற்று. கைகளுக்கு இடையிலான அகலம் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒல்லியான இடுப்புக்காரர் அகலமானதை வாங்கினால் தொடை உரசும். இரண்டு பாதிகளையும் நகர்த்தி அகலத்தை நாமே மாற்றிக்கொள்ளும் பைசேடல் என்ற சீட்டும் உண்டு, எடை கூடுதல்.

மூக்கே இல்லாமல் இரண்டு தனி மெத்தைகள் மட்டும் உள்ள வகையில்தான் நான் ஏமாந்தேன். ஹாப்சன், ஸ்பாஞ்சி வொண்டர் ஆகியவை அந்த வகையில் பேர்பெற்றவை. நான் வாங்கியது அவற்றில் ஒன்றுமில்லை, 800 ரூபாய்க்கு இணையத்தில் கிடைத்த பேரில்லாத சரக்கு. அழகியமண்டபம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அடிக்கம்பி செருகியிருந்த பிளாஸ்டிக் குழி விண்டு, ஒரு மெத்தை மட்டும் சாலையில் உருண்டது. மீதி வழி நின்றபடியே மிதித்தேன். சரக்கு நல்லதாகவே இருந்தாலும் இந்த வகை நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்குத்தான். குனிந்தால் முன்னால் பிடிப்பில்லாமல் சறுக்குகிறது. சறுக்காமல் இருக்கக் கையை ஊன்றி ஊன்றி மணிக்கட்டு நோகிறது.

கழற்றுவதற்கு முன்

பழைய சீட்டு நன்றாக இருந்ததோ இல்லையோ, அதன் அளவைக் குறிக்காமல் கழற்றாதீர்கள். துணி வெட்டுகிறவன் பழைய சட்டையை அளக்காமல் கத்தரியை எடுப்பதில்லை.

சைக்கிளைச் சுவரில் நேராகச் சாய்த்து வையுங்கள், தரை சமமாக இருக்கட்டும். நான் நூல் நுனியில் இரும்பு பாபின் கட்டிச் சீட்டின் மூக்கிலிருந்து தொங்கவிட்டேன். கொத்தனார் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. நூலிலிருந்து, பெடல் கைகள் இரண்டும் சேர்ந்து சுற்றும் நடு அச்சின் நடுப்புள்ளி வரை படுக்கைவாக்கில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 6 சென்டிமீட்டர். அடுத்து அதே அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சட்டக் குழாயின் போக்கிலேயே ஓர் அளவு. சீட் பில்லர் (சீட்டைத் தாங்கும் கம்பம்) சட்டக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் மார்க்கிங் சாக்கால் கோடு. சாக் அழியும் என்றால் ஒட்டுநாடா ஒரு சுற்று.

உயரத்தைப் புதிதாகக் கணக்கிடுகிறவர்கள் உள்கால் அளவை 0.883ஆல் பெருக்குவார்கள். பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு இது. 78.7 சென்டிமீட்டர் உள்கால் என்றால் அச்சிலிருந்து சீட்டு மேல்வரை 69.5 வரும். ஒரு எச்சரிக்கை: உங்கள் பேன்ட்டின் உள்கால் அளவைப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் தைக்கும்போது கவட்டுக்குக் கீழே இடம் விட்டுத்தான் தைப்போம். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கவட்டில் எலும்பு தட்டும்வரை உயர்த்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவேண்டும். பேன்ட் அளவைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக வருவதைப் பார்ப்பீர்கள்.

பில்லரும் கிளிப்பும்

பெரும்பாலான சீட்டுகளின் அடியில் இரண்டு கம்பிகள் ஓடும். உருண்டைக் கம்பியானால் 7 மில்லிமீட்டர் கனம். இது பெரும்பாலான நவீன பில்லர்களில் உட்காரும். கார்பன் கம்பிகள் முட்டைவடிவம், உயரவாக்கில் 9 அல்லது 10 மில்லிமீட்டர். பக்கவாட்டிலிருந்து கவ்வும் பில்லர்களில் அவை நுழையாது; நுழைத்து முறுக்கினால் வெடிக்கும். விலையைப் பார்த்து மயங்கிக் கார்பன் வாங்குமுன் உங்கள் பில்லர் எப்படிக் கவ்வுகிறது என்று பாருங்கள். தினசரி ஓட்டத்துக்கு எஃகுக் கம்பியே போதும் என்பது என் எண்ணம்.

பழைய கறுப்புச் சைக்கிளில் பில்லர் நேராக மேலே போய் முடியும். அதில் தனி கிளிப்பைச் செருகி, இரண்டு பக்கமும் நட்டு வைத்து இறுக்குவார்கள். இதிலும் பிளந்த சீட்டைப் பூட்டலாம், இரண்டு சிக்கல்கள் மட்டும். தோல் சீட்டுகள் சிலவற்றுக்கு அடியில் நான்கு கம்பிகள். அந்தக் கிளிப் இரண்டு கம்பிச் சீட்டைப் பிடிக்காது, வேறு கிளிப் வாங்கவேண்டும். இன்னொன்று, கிளிப்பின் உள்ளே பல் பல்லாக இருப்பதால் சாய்வு ஒவ்வொரு பல்லாகத்தான் மாறும். நமக்கு வேண்டிய ஒரு டிகிரி இரண்டு பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இந்தக் கிளிப்பில் ஒரு வசதி உண்டு: கழற்றித் திருப்பிப் போட்டால் போல்ட் பில்லருக்கு முன்னாலிருந்து பின்னால் போய்விடும், சீட்டும் கூடவே பின்னால் போகும். செலவில்லாமல் சில சென்டிமீட்டர் பின்னிடம் கிடைக்கிறது.

புதிய சைக்கிள்களில் பில்லரின் தலையிலேயே கவ்வி இருக்கும். ஒற்றை போல்ட் வகையை ஆலன் கீயால் தளர்த்தினால் சாய்வும் முன்பின்னும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும். இறுக்கும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட் உள்ளதுதான் இந்தச் சீட்டுக்கு ஏற்றது. பின்போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, முன்போல்ட்டைக் கால் சுற்று இறுக்கினால் மூக்கு மயிரிழை இறங்கும். என் சைக்கிளுக்கு 27.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள பில்லர். ஒற்றை போல்ட்டை மாற்றி இரட்டை போல்ட்டாக வாங்கிய நாளிலிருந்துதான் நிம்மதி. வாங்கும்போது பழைய பில்லரின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். 27.2க்கும் 27க்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

பூட்டுவது

இனி மருமகன் கேட்ட கேள்வி. பிளந்த சீட்டில் நாம் உட்காரும் இடம் அதன் முன்முனையே. சாதாரணச் சீட்டில் மூக்குக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே கொஞ்ச இடம் வெறுமனே கிடக்கும். இதில் அந்த வெற்றிடத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். எனவே பிளந்த முனை, பழைய மூக்கைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கவேண்டும். என் பழைய அளவு 6, ஆகப் புதிய முனை அச்சுக்கு 11 சென்டிமீட்டர் பின்னால். நான் செய்த தவறு எல்லாரும் செய்வது. மூக்கை மூக்கு இருந்த இடத்தில் வைத்தால் சீட்டு முழுவதும் முன்னால் வந்துவிடும். உடம்பு தன் பழைய இடத்தைத் தேடிப் பின்னால் நகரும். அங்கே சீட்டு அகலம். தொடை உரசும். பிறகு சீட்டைக் குறை சொல்லிப் பரணில் போடுவோம்.

இவ்வளவு பின்னால் தள்ள அடிக்கம்பியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியின் நேரான பகுதியில்தான் கவ்வி உட்காரவேண்டும், பல கம்பிகளில் எல்லைக்கோடு போட்டிருப்பார்கள். வளைவில் கவ்வினால் ஒருநாள் ஒடியும். இடம் போதவில்லை என்றால் தலை பின்னால் வளைந்த பில்லர் வாங்குங்கள்.

போல்ட் மரைக்கும் கவ்வியின் உட்புறத்துக்கும் கிரீஸ் தடவி (கார்பன் கம்பிக்குக் கிரீஸ் ஆகாது), சீட்டை வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கலாம், அதாவது எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பில்லரிலேயே பொறித்திருக்கும். அதற்குமேல் முறுக்குவது வீரம் இல்லை. பில்லரை உயர்த்தியிருந்தால் அதில் பொறித்த குறைந்தபட்சக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும்.

சாய்வு பார்க்க ரசமட்டத்தைச் சீட்டின் முழு நீளத்துக்கும் வைக்காதீர்கள். பின்பகுதி மேலேறி இருப்பதால் மட்டம் பொய் சொல்லும். முன்பாதியில் மட்டும் ஒரு சிறு அட்டையை வைத்து, அதன்மேல் வையுங்கள். மட்டத்திலிருந்து இரண்டு டிகிரி முன்னால் இறக்கித் தொடங்கலாம். உயரத்தையும் முன்முனையில்தான் அளக்கவேண்டும். கால் சற்று அகன்று நிற்பதால் எனக்குப் பழைய உயரத்தைவிட 5 மில்லிமீட்டர் குறைக்கவேண்டி வந்தது.

ஏறி உட்காரும்போது விளிம்பில் உட்கார்ந்ததுபோல், இதோ விழுந்துவிடுவேன் என்பதுபோல் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

முதல் இரண்டு வாரம்

எலும்பு நோகும். இதுவரை பாரம் தாங்காத எலும்பு தாங்குகிறது, புது மாப்பிள்ளைச் செருப்புபோல. பத்துப் பதினைந்து நாளில் குறையும். மரப்பு மட்டும் வரக்கூடாது. வந்தால் ஏதோ அளவு தவறு. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு டிகிரி, அல்லது 5 மில்லிமீட்டர். முன்னால் சறுக்கிக் கை நோகிறதா, மூக்கைச் சற்று உயர்த்துங்கள். மரக்கிறதா, சற்று இறக்குங்கள். தொடை உரசுகிறதா, முதலில் சீட்டை இன்னும் பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்போதும் உரசினால் சீட்டின் மெத்தைக் கைகள் இரண்டின் முனையையும் பிளாஸ்டிக் டை ஒன்றால் கட்டிச் சற்று நெருக்கலாம். கட்டின் முடிச்சு கீழ்ப்புறம் வரட்டும். எல்லா அளவும் சரியாக வைத்த பின்னும் மரப்பு போகவில்லை என்றால், சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வெட்கம் அங்கே உதவாது.

இழப்பும் ஒன்று உண்டு. சாதாரணச் சீட்டின் நீண்ட மூக்கைத் தொடையால் அணைத்துச் சைக்கிளைத் திருப்புகிறோம் என்பதே அது போன பிறகுதான் தெரிகிறது. ஆடி மாதம் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் போனபோது, காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று பக்கவாட்டில் அடித்தது. தண்ணீர் பாட்டிலுக்காக ஒரு கையை எடுத்தேன், சைக்கிள் சாலையின் வெள்ளைக்கோட்டைக் கடந்துவிட்டது. பழகும்வரை நெரிசலிலும் காற்றிலும் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும்.

உடை பற்றி ஒரு தையற்காரன் பேசாமல் இருக்க முடியாது. சாதாரண பேன்ட்டில் நான்கு தையல்கள் கவட்டில் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. பழைய சீட்டில் அந்த முடிச்சுதான் முள்ளாகக் குத்தும். பிளந்த சீட்டில் அது சரியாக இடைவெளியில் விழுகிறது. இதற்கென்று தனிப் பேன்ட் தைக்கச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். சாரம் (லுங்கி) கட்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் தொல்லை. மடித்துக் கட்டிய துணி பிளவுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அவசரமாக இறங்கவேண்டிய இடத்தில் நீங்கள் இறங்கிவிடுவீர்கள், சாரம் இறங்காது. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு நடந்தது. பெயர் வேண்டாம்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலோரம் ஓட்டுகிறவர்கள் அடிக்கம்பியை மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் பூசவேண்டும். எஃகுக் கம்பியும் போல்ட் தலையும் உப்புக்காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது நாளானால் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். தையல் மிஷினில் ஊற்றியவர்களைக் கேளுங்கள். நம் மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. ஆனியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை. ஒவ்வொன்றும் முடிந்ததும் சீட் பில்லரை முழுவதும் உருவி, துடைத்து, கிரீஸ் போட்டுச் செருகுங்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் பில்லர் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒருமுறை பிடித்துக்கொண்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் குழாய் ரெஞ்சு போட்டுத் திருகிப் பில்லரையே நசுக்கித் தந்தார்கள்.

உருவுமுன் மறக்காமல், பில்லர் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒட்டுநாடாவைப் புதிதாகச் சுற்றிவிடுங்கள். பூட்டிய முதல் வாரத்தின் முடிவில் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் அவசியம், புதுக் கம்பி கவ்வியில் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். கிர்ரென்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான்.